திரும்பி வராத சைக்கிள்கள்

இரவு பத்தரை மணிக்கு லேப்டாப்பில் மறுபடியும் சிவப்பு வரி வந்தது. மூன்று நாட்களாக இதே கதைதான். முதல் இருபது, முப்பது சோதனைகள் பச்சையில் ஓடும். அப்புறம் ஏதோ ஒன்று விழும். நேற்று விழுந்தது இன்று விழாது. இன்று வேறொன்று விழும். விழுந்ததைத் தனியே எடுத்து ஓட்டினால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

பென்னாகரத்தில் அந்த ஓட்டு வீட்டின் திண்ணை அறைதான் இப்போது அவளுடைய அலுவலகம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் ஒத்துழைக்காமல் போனபோது, பெங்களூரு கம்பெனியில் மூன்று மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள்தான். அம்மா ஒருத்தியால் அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க முடியாது. நீட்டிப்பு கேட்டு எழுதியிருந்தாள்.

சாயங்காலம் மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. "இங்கே ஆபீஸ்ல எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகுது. உங்க மெஷின்லதான் பிரச்னை. வீட்டிலிருந்து செட் ஆகலைன்னா அடுத்த வாரமே கிளம்பி வந்துடுங்க."

அவர்கள் செய்வது பால் கொள்முதல் கணக்குக்கான மென்பொருள். ஊர் ஊராகப் பால் எடை போடும் கருவிகள் அனுப்பும் கோப்புகளைத் திறந்து, படித்து, டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். அடியில் இருப்பது மைஎஸ்க்யூஎல். கோப்பைப் படிக்கும் சிறு நிரல் மட்டும் கம்பெனி சொந்தமாக எழுதி, டேட்டாபேஸ் சர்வருக்குள்ளேயே உட்காரவைத்தது.

அன்று இரவுதான், விழுந்த சோதனையை விட்டுவிட்டு, சர்வர் எழுதி வைத்திருந்த பதிவை முதல் வரியிலிருந்து படித்தாள். பிழை எண் 24. திறந்திருக்கும் கோப்புகள் அளவுக்கு மேல் போய்விட்டன என்று பொருள். இன்னும் மேலே போனால், சர்வர் எழுந்த நொடியிலேயே அமைதியாக ஓர் எச்சரிக்கை இருந்தது. 5000 கோப்புகளுக்கு அனுமதி கேட்டிருக்கிறது, கிடைத்தது 1024.

லினக்ஸில் ஓடும் எந்த நிரலும் ஒரு கோப்பைத் திறந்தால், கையில் ஓர் எண் கொடுக்கப்படும். ஃபைல் டிஸ்கிரிப்டர் என்று பெயர். காலியாக இருப்பதில் ஆகச் சிறிய எண்தான் எப்போதும் கிடைக்கும். 0, 1, 2 மூன்றும் ஆரம்பத்திலேயே எடுத்து வைக்கப்பட்டிருக்கும் என்பதால் முதல் கோப்புக்கு வழக்கமாக 3. கோப்பை மூடினால் எண் திரும்பிப் போகும், அடுத்தவருக்குக் கிடைக்கும். ஒரு நிரல் ஒரே சமயத்தில் எத்தனை எண் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வெளியிலிருந்து பேச வரும் ஒவ்வொரு இணைப்புக்கும்கூட இதே எண்களில் ஒன்றுதான் போகும்.

அவளுடைய பழைய லேப்டாப்பில் நடைமுறை வரம்பு 1024. கேட்டால் 4096 வரை உயர்த்திக்கொள்ளலாம். சர்வர் கேட்டதோ 5000. கடன் கேட்கப் போன இடத்தில் மொத்தமாகக் கை விரித்ததுபோல, 4096-கூடக் கிடைக்காமல் பழைய 1024-இலேயே நின்றுவிட்டது. சர்வரும் அதற்கேற்பத் தன்னைச் சுருக்கிக்கொண்டது. 1024-இல் தன் செலவுக்கு 10, இணைப்புகளுக்கு 151 எடுத்து வைத்து, மீதியைப் பாதியாக்கி, 2000 அட்டவணைகள் திறந்து வைக்க வேண்டிய இடத்தில் 431 போதும் என்று முடிவு செய்திருந்தது. ஆபீஸ் கணினிகளில் யாரோ எப்போதோ வரம்பை 65535 என்று ஏற்றி வைத்திருந்தார்கள். அதனால் அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஒரே ஒரு வரி மாற்றினாள். வரம்பு ஏறியது. மொத்தமும் பச்சை.

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

கட்டிலில் தூங்காமல் படுத்திருந்த அப்பா, "என்ன பாப்பா, முடிஞ்சுதா?" என்றார். வாய் இன்னும் கொஞ்சம் குழறியது.

"முடிஞ்சுதுப்பா. நம்பர் பத்தலை. ஏத்தி விட்டேன்."

"என்ன நம்பரு?"

அப்பா ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவள் பிறந்த 1995-இல் கடைக்கு அவள் பெயரையே போர்டில் எழுதினார். அதனால் சொல்வது சுலபமாக இருந்தது. "நம்ம கடை மாதிரிதான்பா. கோப்பைத் திறந்தா ஒரு நம்பர் சைக்கிள் எடுத்துட்டுப் போற மாதிரி. மூடினா கடையில கொண்டுவந்து விடுற மாதிரி. என் கடையில 1024 சைக்கிள்தான் இருந்துச்சு. இப்ப 65,000 ஆக்கிட்டேன்."

அப்பா சிரிக்கவில்லை. சற்று நேரம் ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருசம் நானும் அப்படித்தான் பண்ணேன். இருபது சைக்கிள் இருந்தும் சந்தை நாள்ல ஒண்ணுகூட நிக்காது. பத்தலைன்னு நெனச்சு வட்டிக்கு வாங்கி இன்னும் நாலு போட்டேன். ரெண்டே மாசத்துல அதுவும் பத்தலை. அப்புறம்தான் நோட்டை எடுத்துவெச்சு ஒவ்வொரு நம்பரா பார்த்தேன். நல்லா ஓடுன வண்டி எல்லாம் நேரத்துக்குத் திரும்பி வந்திருந்துச்சு. செயின் அறுந்தது, டயர் வெடிச்சதுதான் வரலை. பசங்க திட்டுக்குப் பயந்து வழியிலேயே சாத்திட்டு நடந்து போயிருக்கானுங்க. ஒண்ணு ஒகேனக்கல் ரோட்டுல புளியமரத்தடியில கெடந்துச்சு."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "புதுசு வாங்குறதுக்கு முன்னாடி, போனது எங்கன்னு பாரு பாப்பா."

அவள் லேப்டாப்பை மூடப்போனாள். மூடவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரலும் இந்த நொடியில் எந்தெந்த எண்ணை வைத்திருக்கிறது என்பதை லினக்ஸில் பார்க்க முடியும். அப்பாவின் நோட்டு மாதிரிதான். சர்வரின் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு சோதனைகளை ஒவ்வொன்றாக ஓட்டினாள். ஒழுங்கான பால் கோப்பு வரும் சோதனைகளில் எண்ணிக்கை ஏறியது, இறங்கியது. பாதியில் அறுந்த கோப்பை வேண்டுமென்றே கொடுக்கும் சோதனைகளில் ஏறியது; இறங்கவே இல்லை.

கம்பெனியின் நிரலில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அதற்கு மேல் பதினைந்து நிமிடம்தான் ஆனது. கோப்பைத் திறக்கிறது. உள்ளே பழுது என்றால் 'பிழை' என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறது. மூடும் வரி அதற்குக் கீழே இருந்தது. நல்ல கோப்புகள் மட்டுமே அந்த வரி வரைக்கும் போய்ச் சேர்ந்தன.

சோதனையில் இது சில நூறு எண்கள். ஆபீஸின் 65535-இல் அது யார் கண்ணிலும் படாது. ஆனால் நிஜத்தில் அந்த சர்வர் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும். கரண்ட் போகும் ஒவ்வொரு ஊரிலிருந்தும் பாதி அறுந்த கோப்பு வரும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணை விழுங்கும். என்றோ ஒரு விடியற்காலையில் கடைசி எண்ணும் தீர்ந்து, புதிதாக எந்த இணைப்பையும் சர்வர் ஏற்காமல் போகும். அப்போது கேனோடு வரிசையில் நிற்கிறவர்களுக்கு அன்றைய பால் கணக்கில் ஏறாது.

மணி இரண்டு. 'டெஸ்ட் எல்லாம் பாஸ்' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் அவளுக்கு வேண்டிய நீட்டிப்பு கிடைத்துவிடலாம். பிழை ஆபீஸ் பக்கம்தான் என்று எழுதினால் என்ன ஆகுமோ தெரியாது. அந்த நிரலை எழுதியதே மேனேஜர்தான்.

எழுதினாள். யாரையும் குறை சொல்லாமல், எண்கள் ஏறிய கணக்கை மட்டும் வரிசையாக வைத்தாள். திருத்தம் மூன்று வரி. கூடவே ஒரு புதுச் சோதனை: தொடங்கும்போதும் முடியும்போதும் திறந்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியில் ஒரு வேண்டுகோள்: ஆபீஸிலும் ஒரு கணினியில் வரம்பை 1024-ஆகவே வைத்திருங்கள்.

மறுநாள் மதியம் வரை பதில் இல்லை. அம்மா கிண்டிய களி தட்டில் ஆறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேனேஜர்தான். நாலைந்து கேள்வி கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான்தான் எழுதினேன், அந்த இடம். கவனிக்கலை" என்றார். பிறகு, "இன்னும் ரெண்டு மாசம் அங்கேயே இருங்க. அப்பாவைப் பாத்துக்கோங்க" என்றார்.

சாயங்காலம் அப்பாவைத் திண்ணையில் உட்காரவைத்துக் கால் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, அந்த டேட்டாபேஸுக்கு ஏன் அப்படி ஒரு பெயர் என்று கேட்டார். ஃபின்லாந்துக்காரர் ஒருவர் உருவாக்கியது, மைக்கேல் விடேனியஸ் என்று பெயர், 'மை' என்பது அவருடைய மகள் பெயர் என்றாள். முதலில் வெளியானது 1995-இல்தான் என்பதையும் சொன்னாள்.

"பொண்ணு பேரா?" அப்பாவின் முகத்தின் இடது பக்கம் மலர்ந்தது. வலது பக்கமும் லேசாக அசைந்ததுபோல இருந்தது அவளுக்கு.

"அந்தப் புளியமரத்தடி சைக்கிளு இருக்கே, அது பதினொண்ணாம் நம்பரு" என்றார். "செயின் மாத்திப் போட்டதும் அப்புறம் எத்தனையோ வருசம் ஓடுச்சு."

"காலை நீட்டுங்கப்பா" என்றாள் அவள். "இன்னும் பத்து தடவை."