வாயை மட்டும் அசை

பாட வந்த பிள்ளைகளைப் பாடாதே என்று சொன்னவன் நான். விருத்தாசலத்தை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இசையாசிரியர் பணியிடம் அங்கே இல்லை. காலை வழிபாட்டுக் கூட்டம், இலக்கிய மன்றம், ஆண்டு விழா எல்லாம் தமிழய்யா பொறுப்பு. நானும் விரும்பித்தான் ஏற்றுக்கொண்டேன். அந்தப் பொறுப்பில் நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பள்ளியின் மீதோ அதிகாரிகள் மீதோ இதில் குற்றமில்லை. யாரும் என்னை இப்படிச் செய்யச் சொல்லவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் குரல் தேர்வு வைப்பேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, தமிழ்த்தாய் வாழ்த்தின் முதல் அடிகளைப் பாடச் சொல்வேன். நன்றாகப் பாடுகிறவர்கள் ஒலிவாங்கிக்கு முன்னால். மற்றவர்கள் பின் வரிசை. மேடை நிறைந்து தெரிய வேண்டும் என்பதற்காக அவர்களையும் நிறுத்திக்கொள்வேன். ஆனால் ஒத்திகையின்போது ஒவ்வொருவராக அருகே போய், "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது" என்று காதோடு சொல்வேன். மற்றவர் முன் சொல்லவில்லையே, அவர்கள் மானத்தைக் காத்துவிட்டேனே என்று எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் எப்படி இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஓர் ஆண்டு விழாவுக்குக் கோயில்களில் வாசிக்கிற ஆர்மோனியக்காரர் ஒருவரை அழைத்திருந்தோம். ஒத்திகையைச் சிறிது நேரம் கேட்டவர், "எந்தக் கட்டையில பாடச் சொல்றீங்க?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. நான் பாடிக் காட்டுவேன், பிள்ளைகள் பின்தொடர்வார்கள், அவ்வளவுதான். அவர் கட்டையை அழுத்திப் பார்த்துச் சொன்னார்: என் குரல் ஒரு கட்டைச் சுருதி. பிள்ளைகளுக்கு அது ஆகாது. பெண் பிள்ளைகளுக்கும் சிறு பையன்களுக்கும் நாலரை, ஐந்து கட்டை வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பையன்களில் பலருக்கு மகரக்கட்டு உடைகிற பருவம். அந்தக் காலத்தில் குரல்நாண் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. நேற்று எட்டிய சுரம் இன்று எட்டாது. பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில் பாடி நடித்த பையன்கள் இந்தப் பருவத்தில் வேடம் இழந்து நின்றதை நான் படித்திருந்தும், என் முன்னால் நின்ற பையன்களை அதோடு பொருத்திப் பார்க்கவில்லை.

அவர் சுருதியை ஏற்றினார். குரல் உடைந்த பையன்களைத் தனியே நிறுத்தி, கீழ் ஸ்தாயியில், அவர்களுக்கு எட்டுகிற அடிகளை மட்டும் பாட வைத்தார். நான் அபஸ்வரம் என்று ஒதுக்கிய பெண் பிள்ளைகள் பலர் தமிழ்த்தாய் வாழ்த்தின் மோகன ராகத்தில் சரியாக வந்து நின்றார்கள். பிழை என் சுருதியில் இருந்திருக்கிறது. ஆண்டாண்டாக அதைப் பிள்ளைகளின் தொண்டையில் ஏற்றியிருக்கிறேன்.

பின் வரிசையில் ஒரு பையன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "பாடுப்பா" என்றேன். "நான் வாயசைக்கிறவன், ஐயா" என்றான். அவன் குரலில் கோபமில்லை, வருத்தமும் இல்லை. தன் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னான். அன்றும் சரி, பத்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரையிலும் சரி, அவன் பாடவே இல்லை. மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த சுந்தரர் கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஓரிடத்தில் விட்டதை இன்னோரிடத்தில் எடுக்கும் வரம் ஆசிரியருக்கு இல்லை.

பாட்டில் செய்ததையே கைவேலையிலும் செய்தேன். எங்கள் விருத்தாசலத்தைப் பீங்கான் ஊர் என்பார்கள். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெண்களிமண் பக்கத்திலேயே கிடைப்பதால் வளர்ந்த தொழில் இது. பீங்கான் தொழில்நுட்பம் படிக்க அரசுப் பயிலகமே இங்கே இருக்கிறது. மின்சார ஃபியூஸ் கட்டை, அகல் விளக்கு, பிள்ளையார் பொம்மை என்று செய்யும் பட்டறைகளில் எங்கள் மாணவர்களின் அம்மாக்கள் வேலை செய்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் கண்காட்சிக்குக் களிமண் பொம்மை வைக்கலாம் என்று நானே சொன்னேன். பிள்ளைகள் செய்துகொண்டு வந்தார்கள். ஒரு யானைக்குக் கால் நான்கும் தூண்போல இருந்தது, உடம்பில் வெடிப்பு. ஒரு மாட்டுக்குக் கொம்பு உதிர்ந்திருந்தது. ஈரம் ஒரே சீராக உலராவிட்டால் களிமண் வெடிக்கும். அதைக் கையால் செய்து பார்த்துக் கற்பதுதான் பாடம். எனக்கோ, வருகிற அதிகாரி என்ன நினைப்பார் என்ற கவலை. கடைத்தெருவில் பளபளக்கும் பொம்மைகளை வாங்கி வந்து, பிள்ளைகளின் பெயர்ச் சீட்டை முன்னால் வைத்தேன். அவர்கள் செய்தவை மேசைக்கு அடியில் போயின.

மாலையில் ஒரு மாணவியின் அம்மா வந்தார். மகள் பெயர் வைத்திருந்த பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, சுவர்போலப் படிந்து நிற்கும் மண்தான் பொம்மை. அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு தழும்பு வரும், அதைச் சீவி எடுப்பது பெண்களின் வேலை. "இது நான் பிசிறு சீவுனது, ஐயா" என்றார். வேறொன்றும் சொல்லாமல் இருந்த இடத்தில் வைத்தார். அந்த மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். பொய் என்னுடையது, வெட்கம் அவளுடையதாயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2007-08இல் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டைகளை எடுத்துத் தரையில் வட்டமாக உட்கார்ந்து, தன் வேகத்தில் ஏணிப்படி ஏறிப் பழகிய பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வந்தார்கள். நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்று வந்தது. பார்வையாளர் வருகிற நாளுக்காக மனவரைபடத்தை முன்னதாகவே கரும்பலகையில் போட்டு, யார் எழுந்து என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். மறுநாள் மேசைகள் பழையபடி வரிசைக்குத் திரும்பின. கேள்வி கேட்கப் பழகி வந்தவர்களுக்கு விடையை மனப்பாடம் செய்யக் கொடுத்தேன்.

ஏன் இப்படி இருந்தேன்? பிழை வெளியே தெரியக்கூடாது என்ற அச்சம். பிள்ளைகளின் குரல் என் திறமைக்குச் சான்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை. அவர்களுக்காக உழைக்கிறேன் என்று நம்பிக்கொண்டே எனக்காக அவர்களை உழைக்க வைத்தேன்.

வேறு வழி இருந்தது, கண்முன்னேயே இருந்தது. திரை இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். பாரதி பாடல்களைப் பல குரல்களுக்குப் பிரித்து அமைத்தார். 1988இல் மறையும்வரை, ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை ஒன்றாகப் பாட வைத்தார். உயர்ந்த குரலுக்கு ஓர் இடம், தாழ்ந்த குரலுக்கு ஓர் இடம் என்று வகுப்பதுதான் சேர்ந்திசை. நான் குரலுக்கு இடம் தேடாமல், இடத்துக்குக் குரலைத் தேடினேன். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, இசைத்தட்டை ஒலிக்கவிடாமல் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு பாட வேண்டும் என்று அரசு சொன்னது. 55 நொடிப் பாட்டு. அந்தப் பயிற்சியை எல்லாப் பிள்ளைகளுக்கும் தர ஒரு பள்ளி ஆண்டு தாராளமாகப் போதும்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குரலுக்குப் பிள்ளைகளை இழுக்காதீர்கள், அவர்கள் கட்டையைக் கண்டுபிடித்து அங்கே போங்கள். கைபேசியிலேயே சுருதிப்பெட்டி கிடைக்கிறது. கலைத் திருவிழாவுக்கு ஆள் தேர்ந்தெடுங்கள், ஆனால் காலைக் கூட்டத்தில் எல்லோரும் பாடட்டும். வெடித்த யானையை மேசை மேல் வையுங்கள், செய்தவர் பெயரோடு.

என் பின் வரிசைப் பிள்ளைகளே, உங்களில் பலருக்கு இன்று குழந்தைகள் இருக்கும். அவர்கள் பாடினால், "நம்ம குடும்பத்துக்குப் பாட்டு வராது" என்று சொல்லிவிடாதீர்கள். வராது என்று உங்களிடம் சொன்னவன் நான். தெரியாமல் சொன்னேன், தவறாகச் சொன்னேன். என்னை மன்னியுங்கள்.