இரட்டைத் தொட்டிலும் டோம்பிவிலி லோக்கலும்

மும்பைவாசியிடம் குடியிருப்பு எங்கே என்று கேட்டால், பேட்டையின் பெயரோடு தன் காலை வண்டியின் நேரத்தையும் நிமிடம் பிசகாமல் சொல்வார். டோம்பிவிலியில் இந்த வழக்கம் இன்னும் கறார். சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸிலிருந்து மத்திய ரயில்வே பாதையில் சுமார் 48 கி.மீ. தள்ளி, தாணேவுக்கும் கல்யாணுக்கும் இடையே இருக்கிறது ஊர். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணே வரை நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. மறு வருடமே பாதை கல்யாணைத் தொட்டது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை கட்டுப்படியாகாத நடுத்தரக் குடும்பங்கள், தமிழர்கள் உள்பட, இந்தப் பாதையோரமாகவே நகர்ந்து இங்கே வந்து சேர்ந்தன. வீடு சற்றுப் பெரிதாகக் கிடைத்தது. நேரம்தான் கையைவிட்டுப் போனது. வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் நாற்காலி வரை ஷேர் ஆட்டோ, ஃபாஸ்ட் லோக்கல், நடை எல்லாம் சேர்த்து, போக வர எனக்கு மூன்றரை மணி நேரம் ஆகிறது.

இந்தக் கால அட்டவணைக்குள் இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் என்ன ஆகும் என்பதைக் கடந்த 14 வாரங்களாகப் பார்த்துவருகிறேன்.

கணக்கு எளிமையானது. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும். இரண்டு என்றால் குறைந்தது 16. ஒன்று குடித்து, ஏப்பம் விட்டு, கண்ணயரும் நேரத்தில் மற்றது விழிக்கும். யாருக்கு எப்போது கொடுத்தோம் என்று எழுதிவைக்கச் சமையலறையில் ஒரு நோட்டு தொங்குகிறது. திருச்சியிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட மாலிஷ்வாலி அம்மாள் வருகிறார். இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை என் முறை. ஐந்தரைக்கு எழுந்தால்தான் காலை வண்டி.

இரட்டையரில் பலர் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். எங்களுடையவை 35 வாரத்தில் வந்தன. ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கங்காரு முறை என்று ஒன்றை டாக்டர்கள் சொல்லித் தருகிறார்கள். 1970களின் இறுதியில் கொலம்பியாவின் போகோடா நகர ஆஸ்பத்திரி ஒன்றில் இன்குபேட்டர் போதாமல் போனபோது பிறந்த முறை இது. குல்லாயும் துணியும் மட்டும் அணிவித்து, குழந்தையை நிமிர்ந்த வாக்கில் வெறும் மார்போடு சேர்த்து அணைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். உடல் சூடு குறையாது, எடையும் ஏறும். இதைத் தாய்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, தகப்பனும் செய்யலாம். இரட்டையர் வீட்டில் ஆளுக்கு ஒன்று. ஆனால் எவ்வளவு நேரம் அணைத்துக்கொண்டிருக்கிறோமோ அவ்வளவுக்குப் பலன். அந்த நேரம் எனக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்வது டாக்டர் அல்ல, சாயங்கால வண்டி.

சட்டமும் அதிகம் உதவுவதில்லை. 2017ல் வந்த திருத்தம் தாய்க்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு தருகிறது. மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள் உண்டு. தனியார் துறைத் தகப்பனுக்கும் விடுப்பு கேட்டு அதே 2017ல் நாடாளுமன்றத்தில் ஒரு தனிநபர் மசோதா வந்தது. அது சட்டமாகவில்லை. கம்பெனி மனம் வைத்தால் உண்டு. எனக்கு ஐந்து நாள் கிடைத்தது. அதில் மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது.

உதவி வந்தது, எதிர்பார்க்காத இடத்திலிருந்து. மும்பை லோக்கலில் ஒரே வண்டியில், ஒரே பெட்டியில், ஒரே கதவருகே வருடக்கணக்காகப் பயணம் செய்பவர்கள் ஏறக்குறைய சொந்தக்காரர்கள் மாதிரி. மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நான்காவது ஆளுக்கு ஓரத்தில் இடம் தருவது இங்கே எழுதப்படாத சட்டம். மகாராஷ்டிரத்தில் பையன் பிறந்தால் பேடா, பெண் பிறந்தால் பர்ஃபி கொடுப்பது வழக்கம். எனக்கு இரண்டும் வாங்க வேண்டியிருந்தது. டப்பா காலியாவதற்குள் என் பெயர் மாறிவிட்டது: 'ஜுளேவின் அப்பா'. மராத்தியில் இரட்டையருக்கு அந்தப் பெயர். மறுநாளிலிருந்து நான்காவது இருக்கை எனக்கு ஒதுக்கப்பட்டது, தாதர் வரை தூங்குவதற்காக. வயிற்று வலிக்கு என்ன செய்யலாம் என்று ஐந்து ஆண்கள் ஐந்து யோசனை சொன்னார்கள். ஐந்தும் அவரவர் மனைவிமார் செய்தவை. தாங்கள் செய்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தகப்பன் எங்கே ஏறுவது என்பது அடுத்த கேள்வி. 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி. எங்கள் ஆஸ்பத்திரி தாணேவில். பெண்களுக்குத் தனிப் பெட்டிகள் உண்டு. கர்ப்பிணிகள் மாற்றுத் திறனாளிகளின் பெட்டியிலும் ஏறலாம். கைக்குழந்தையுடன் வரும் ஆணுக்கு மட்டும் பொதுப்பெட்டியின் நெரிசலே கதி. எனவே மனைவியும் மாமியாரும் ஆளுக்கொரு குழந்தையோடு பெண்கள் பெட்டியில் ஏற, நான் பாட்டில் பையோடு அடுத்த பெட்டியில் தொங்குவேன். தாணே வந்ததும் பிளாட்பாரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி அவர்களைப் பிடிக்க வேண்டும். பெண்களுக்கான இடத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. குழந்தை என்றால் தாயோடுதான் வரும் என்று நகரம் தீர்மானித்துவிட்டது, அவ்வளவுதான்.

சாயங்காலம் வேறு விதமான சோதனை. 2025 ஜூன் 9 காலையில், மும்ப்ரா அருகே வளைவில் எதிரெதிரே சென்ற நெரிசல் வண்டிகளின் கதவோரம் தொங்கியவர்கள் கீழே விழுந்தார்கள். குறைந்தது 4 பேர் இறந்தார்கள். தினமும் இருவேளை அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறேன். கதவில் தொங்கிப் போனால் எட்டு மணிக்கு வீடு. உள்ளே நிற்க இடம் கிடைக்கும் வரை இரண்டு வண்டியை விட்டால் எட்டரை தாண்டிவிடும், ஒரு குழந்தையாவது தூங்கியிருக்கும். நான் வண்டியை விட்டுவிடுகிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோராலும் அது முடிவதில்லை. அவர்கள் வீட்டிலும் யாரோ விழித்திருக்கிறார்கள்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. எல்லா ஆபீசும் ஒரே நேரத்தில் திறந்து மூட வேண்டாம், நேரத்தை மாற்றி அமையுங்கள் என்று மத்திய ரயில்வேயே நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. காலை எட்டுக்கு வந்து நாலரைக்குக் கிளம்பலாம் என்று ஒரு சுற்றறிக்கை போதும். கூட்டத்துக்கு முந்திய வண்டியில் உட்கார்ந்தே போகலாம், இரண்டும் விழித்திருக்கும்போது வீடு சேரலாம். அப்படிக் கிடைப்பது இரண்டு மணி நேரம். எங்கள் வீட்டில் அது ஆளுக்கு ஒரு மணி நேரம்.