அட்டை மறக்காது

மெரினாவில் வெயில் தாழ்ந்ததும் மணல்மீது பலூன் பலகைகள் எழுந்து நிற்கின்றன. கடைக்காரர் ஏர்கன்னின் குழலை மடக்கி, பெல்லட்டைச் செருகி, நிமிர்த்திக் கொடுக்கிறார். வெடித்த பலூன் இருந்த இடத்தில் அடுத்ததை ஊதிக் கட்டுவதும் அவரே. துப்பாக்கி சுடும் தளத்தில் உழைப்பின் முகம் வேறு. அட்டையை மாட்டி, கம்பியில் 10 மீட்டர் தள்ளி அனுப்பி, திரும்பி வந்ததும் ஒவ்வொரு துளையையும் அளந்து புள்ளி எழுதுகிறார்கள். கடற்கரையில் பலூன்களை வரிசையாக உடைத்தவரின் குண்டுகள் இங்கே அட்டையெங்கும் சிதறுகின்றன. பதற்றத்தால் கை நடுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவது எளிது. இரண்டு இடங்களிலும் நடப்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், பதற்றத்தின் பங்கு சிறியது என்றே எனக்குத் தோன்றுகிறது. கை பெரும்பாலும் அதே கைதான். அதனிடம் கேட்கப்படும் கேள்விதான் மாறுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பலூனை 4 மீட்டரிலிருந்து சுடுவதாகக் கொண்டால், அது 10 மீட்டரில் 25 சென்டிமீட்டர் அகல வட்டத்துக்குச் சமம். பன்னாட்டுப் போட்டிகளின் ஏர் ரைபிள் அட்டையிலோ வெளிவட்டத்தின் விட்டமே 45.5 மில்லிமீட்டர்; நடுவிலுள்ள பத்துப் புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். பலூன் தரும் இடத்தில் அந்த அட்டையின் வட்டங்கள் முழுவதையும் அடுத்தடுத்து ஐந்து முறை வைக்கலாம். ஆகவே அட்டையில் ஒரு புள்ளிகூடப் பெறாத குண்டு, கடற்கரையில் பலூனை வெடிக்கவைத்துக் கைதட்டலும் வாங்கித் தரும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 70 சென்டிமீட்டர் இருக்கும் துப்பாக்கியில், அவற்றின் நேர்கோடு ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 10 மீட்டரில் குண்டு 14 மில்லிமீட்டர் விலகும். பத்து எடுக்க வேண்டிய குண்டு ஐந்தில் விழும். அதே பிசகு 4 மீட்டரில் 6 மில்லிமீட்டர்கூட ஆகாது. பலூனுக்கு அது தெரியவே தெரியாது.

அளவைவிட முக்கியமானது நினைவு. பலூனிடம் உண்டு, இல்லை என்ற இரண்டே பதில்கள். நடுவில் பட்டதா, ஓரத்தில் உரசியதா என்பது வெடிப்போடு போய்விடுகிறது. நெருக்கமாகக் கட்டிய பலகையில், குறிவைத்தது தப்பிப் பக்கத்துப் பலூன் உடைந்தாலும் அது வெற்றியாகவே எண்ணப்படும். எதைக் குறிவைத்தார் என்பது சுட்டவருக்கு மட்டுமே தெரியும். காலி டப்பாவைச் சுடுபவரும் தனக்கு வசதியான தூரத்தைத் தானே தேர்ந்துகொள்கிறார். டப்பா உருண்ட சத்தம் மனதில் தங்குகிறது, மண்ணில் புதைந்த குண்டுகள் தங்குவதில்லை. அட்டை எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. துளைகள் ஒன்றாகக் குவிந்து, ஆனால் இடப்பக்கம் தள்ளி விழுந்திருந்தால் சைட்டைத் திருத்த வேண்டும். நடுவைச் சுற்றிச் சிதறியிருந்தால் சுடுபவரின் பிடியை, மூச்சை, விரலைத் திருத்த வேண்டும். இரண்டும் வெவ்வேறு நோய்கள். அவற்றைப் பிரித்தறியத்தான் சுடுதளத்துப் பயிற்சியாளர் புள்ளிகளின் கூட்டுத்தொகைக்கு முன்னால் துளைகளின் அமைப்பைப் பார்க்கிறார்.

கடைத் துப்பாக்கியே சரியில்லை, பிறகு ஒப்பிடுவது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குழலை மடக்கும் ஏர்கன்னில் சுருள்வில் ஒரு பிஸ்டனை உந்துகிறது. பெல்லட் குழலைவிட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி அதிர்ந்துவிடுவதால், பிடியின் இறுக்கம் மாறினால் குண்டு படும் இடமும் மாறும். போட்டித் துப்பாக்கியில் அழுத்திய காற்று பெல்லட்டைத் தள்ளுகிறது. அதிர்வு மிகக் குறைவு. ஆனால் இந்த வேறுபாடு என் வாதத்துக்குத்தான் வலுச்சேர்க்கிறது. மோசமான கருவி கடற்கரையில் குறைந்த வெற்றியைத் தந்திருக்க வேண்டும். தூரமும் பலூனின் அகலமும் கருவியின் குறையையும் சேர்த்து மறைப்பதால்தான் அப்படி நிகழ்வதில்லை.

இன்னொரு மறுப்பு வலுவானது. விளையாட்டாகச் சுடும்போது மனம் இலேசாகிறது, உண்மையிலேயே நன்றாகச் சுடுகிறோம் என்பார்கள். இதில் உண்மை உண்டு. அட்டையின் கறுப்பு வட்டம் கண்ணை இழுக்கிறது; முன் சைட்டைத் தெளிவாகப் பார்க்க வேண்டிய கண் இலக்குக்கு ஓடிவிடுகிறது. இன்னும் சரியாகட்டும் என்று காத்திருக்கும்போது தசை களைத்து, கடைசியில் விரல் விசையைச் சட்டென்று இழுத்துவிடுகிறது. பாரிஸில் 2024 ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச் சுற்றில், 22 குண்டுகளுக்குப் பின் இந்திய வீராங்கனை மனு பாக்கர் 0.1 புள்ளி பின்தங்கி வெண்கலத்தோடு வெளியேறினார். பிஸ்டல் அட்டையில் 0.1 என்பது 0.8 மில்லிமீட்டர். இவ்வளவு நுட்பமாக அளக்கப்படுகிறோம் என்ற அறிவே ஒரு சுமைதான். ஆனால் அந்தச் சுமை குண்டைச் சில மில்லிமீட்டர்கள் நகர்த்தலாம். பலூனுக்கும் பத்துப் புள்ளிக்கும் இடையிலுள்ள பெரும் வித்தியாசத்தை அதனால் விளக்க முடியாது.

இந்தச் சுமையை இறக்கச் சுடுதளத்துக்காரர்கள் கண்ட வழி ஒன்று உண்டு: வட்டமோ புள்ளியோ இல்லாத வெற்று அட்டையைச் சுடுவது. கண்ணை இழுக்க எதுவும் இல்லாததால் அது முன் சைட்டில் நிற்கிறது. விசை மெதுவாக அழுந்துகிறது. கடற்கரையின் இலேசு இங்கே கிடைக்கிறது. ஆனால் துளைகளும் மிஞ்சுகின்றன. கற்க விரும்புபவருக்கு இந்த இரண்டும் வேண்டும். பலூன் உடைக்கும் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்காக மாலை முழுதும் மூச்சைச் செலவழித்துப் பலூன் ஊதுபவரின் உழைப்பையும்தான். பலகையில் எத்தனை உடைந்தன என்பதைத் தன் திறமையின் அளவாகக் கொள்ளாதவரை அந்த மகிழ்ச்சியில் பிழையில்லை. திறமையை அறிய, கம்பியில் திரும்பி வரும் அட்டையைக் கையில் வாங்கித் துளைகளைப் பார்த்தே ஆகவேண்டும்.