பனிக்காலமும் பாத வெடிப்பும்

 

மார்கழியும் தையும் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கடுமையான மாதங்கள். விடியற்காலையில் மலையிலிருந்து இறங்கும் காற்று உதட்டைப் பிளக்கும், கைகளில் வெள்ளைக் கோடு விழும், குதிகால் வெடிக்கும். பஜ்ருத் தொழுகைக்கு எழுந்து குளிர்ந்த நீரில் ஒளுச் செய்வோருக்கு இந்தத் துன்பம் இரட்டிப்பாகிறது.

மதரஸாவில் ஓத வரும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், சென்ற பனிக்காலத்தில் கால் விரல்களை மட்டும் நனைத்துவிட்டு ஒளுவை முடித்துக்கொள்வதைக் கவனித்தேன். அருகழைத்துக் காரணம் கேட்டேன். "தண்ணி பட்டா எரியுது ஹஜ்ரத்" என்றான். அவனது குதிகாலைப் பார்த்தபோது மனம் கலங்கிவிட்டது. ஆழமான பிளவுகள், ஒன்றில் இரத்தம் காய்ந்திருந்தது. அவனுடைய தாயார் திராட்சைத் தோட்டத்துக் கூலி வேலைக்குச் செல்பவர். "கடையில விக்கிற கிரீமுக்கு நான் எங்க போவேன் ஹஜ்ரத்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு விடையாகவே இதனை எழுதுகிறேன்.

ஒளுவில் குதிகால்களை நனைக்காமல் விட்டவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் நரக நெருப்பைக் கூறி எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. ஆகவே, குதிகாலைப் பேணுவது வெறும் அழகுக் கலை அன்று. நம் தொழுகையோடு தொடர்புடைய காரியம்.

தோல் ஏன் வறள்கிறது?

நமது மேல்தோலில் இயற்கையான நெய்ப்பசை உண்டு. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிவிடாமல் அது காக்கிறது. பனிக்காலக் காற்றில் ஈரம் குறைவு. அதனால் தோலின் ஈரம் விரைந்து வெளியேறுகிறது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பதும், காரமான சோப்பைத் தேய்ப்பதும் நெய்ப்பசையைக் கரைத்துவிடுகின்றன. ஒளுச் செய்தபின் ஈரத்தைக் காற்றிலேயே உலர விட்டாலும் வறட்சி கூடும். துண்டால் மெல்ல ஒற்றி எடுத்து, சற்றே ஈரம் இருக்கும்போதே எண்ணெய்ப் பசையைத் தடவுவதுதான் முறை.

இரவுக்கு ஒரு களிம்பு

தேங்காயெண்ணெய் 50 கிராம், நல்லெண்ணெய் 50 கிராம், தேன்மெழுகு 15 கிராம். தேன்மெழுகு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும்; மெழுகுவத்தி மெழுகு உதவாது. அகன்ற பாத்திரத்தில் நீரைச் சூடாக்கி, அதனுள் சிறு கிண்ணத்தை வைத்து, மெழுகைத் துருவிப் போட்டு எண்ணெயுடன் உருக்க வேண்டும். தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை வெப்பத்தில் உருகும். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கக் கூடும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். உருகியதும் இறக்கி, ஈரமில்லாத டப்பாவில் ஊற்றி ஆற விடுங்கள். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழ் உறைந்துவிடும். நல்லெண்ணெய் சேர்ப்பதால் பனியிலும் களிம்பு இளகலாக இருக்கும். இதில் தண்ணீர் இல்லாததால் பல வாரங்கள் கெடாது. ஈரக் கையால் மட்டும் தொடக்கூடாது.

தேங்காயெண்ணெயின் பயனை ஆய்வாளர்களும் ஒப்புகின்றனர். 2004இல் பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், மிதமான தோல் வறட்சிக்குக் கனிம எண்ணெய்க்கு நிகராகத் தேங்காயெண்ணெய் பயன் தந்தது தெரியவந்தது.

பகலுக்கு ஒரு நீர்மம்

கிளிசரின் 1 பங்கு, பன்னீர் 3 பங்கு. இரண்டையும் கலந்து குலுக்கினால் போதும். திருமண வீடுகளில் தெளிப்பதற்கென்று விற்கும் வாசனைப் பன்னீர் தோலுக்கு ஏற்றதன்று. ரோஜா இதழில் வடித்த தூய பன்னீர் கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய நீரே நல்லது. கிளிசரினைத் தனியாகப் பூசாதீர்கள். வறண்ட காற்றில் அது தோலின் உள்ளிருந்தே ஈரத்தை இழுத்துவிடும். இது நீர் கலந்தது. ஆதலால் சிறிதளவே செய்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கப்படுகிறது, மிருகக் கொழுப்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. தாவரக் கிளிசரின் என்று குறிப்பிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒளு கூடுமா?

பலரும் கேட்கும் கேள்வி இது. தண்ணீர் தோலைச் சென்றடைவதைத் தடுக்கும் மெழுகு, மாவு போன்ற பொருள் உறுப்பில் இருந்தால் ஒளு நிறைவேறாது. வெறும் எண்ணெய்ப் பசை இருந்து, தண்ணீர் தோலில் பட்டு ஓடுமானால் ஒளு கூடும். ஹனபி, ஷாபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் அடிப்படை இதுவே. கால் வெடிப்புக்குள் வைத்த மெழுகை நீக்க வேண்டும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'அல்மஜ்மூஃ' நூலில் தெளிவாகவே எழுதியுள்ளார்கள்.

இதனால்தான் இரண்டு மருந்துகளைக் கூறினேன். நீரில் கரையும் கிளிசரின் கலவை பகல் நேரத்திற்கு உரியது. ஒளு நீரிலேயே அது போய்விடும். மெழுகுக் களிம்பை இஷாத் தொழுதபின் குதிகாலில் தடவி, பழைய காலுறை அணிந்து உறங்குங்கள். காலுறை இல்லாமல் நடந்தால் வழுக்கும். பஜ்ரு வேளையில் வெதுவெதுப்பான நீரில் பாசிப்பயறு மாவைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஒளுச் செய்யுங்கள். வெடிப்பில் தண்ணீர் பட்டால் தீங்கு நேரும் என்னும் நிலை வந்தால், மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

சில எச்சரிக்கைகள்

எந்தக் கலவையையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு வந்தால் விட்டுவிடுங்கள். வெடித்த தோலில் எலுமிச்சைச் சாறு வேண்டாம். நீரிழிவு உள்ள பெரியவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கலாம். அவர்கள் வெந்நீரில் காலை வைப்பதும், கல்லால் தேய்ப்பதும் ஆபத்து. இரத்தம், சீழ், வீக்கம் கண்டால் கைவைத்தியத்தை நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள்.

அந்தச் சிறுவனுக்கு எங்கள் வீட்டார் ஒரு டப்பாக் களிம்பு செய்து கொடுத்தனர். இரண்டு வாரங்களில் பிளவுகள் மூடிக்கொண்டன. அல்ஹம்துலில்லாஹ்! இப்போது குதிகாலை மும்முறை கழுவுகிறான். தம்பிமார்களுக்கும் கற்றுக் கொடுக்கிறான்.

சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டுக்குச் செய்யும்போது ஒரு டப்பா கூடுதலாகச் செய்யுங்கள். வெறுங்காலோடு மதரஸாவுக்கு வரும் ஏழைப் பிள்ளை ஒன்றேனும் உங்கள் தெருவில் இருக்கும். வலியின்றி அது செய்யும் ஒவ்வொரு ஒளுவிலும் உங்களுக்கும் நன்மையில் பங்கு கிடைக்க அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.