கேபினில் யார்?

எங்கள் ஊரில் ஒரு திரைப்படச் சங்கம் உண்டு. சங்கம் என்றதும் பெரிய கட்டடத்தையும் காரியதரிசியையும் கற்பனை செய்துவிடாதீர்கள். நூலகத்து மாடி, இரவல் புரொஜெக்டர், நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், இடைவேளைக்குக் காபி, போண்டா. அவ்வளவுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல படமாக ஒன்று போடுவோம்.

சென்ற வருஷம் ஆவணியில் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' என்று முடிவாயிற்று. அனுமதிக் கடிதம் முறைப்படி வந்துவிட்டது. ப்ளூரே வட்டை என் மைத்துனன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்திருந்தான். அதில் இங்கிலீஷ் வரிகள்தான் உண்டு. சங்கத்து அங்கத்தினரான ஓர் ஆசிரியை இரண்டு மாதம் உட்கார்ந்து வசனம் முழுவதையும் தமிழாக்கி, திரையின் அடியில் ஓடும்படி செய்து கொடுத்தார்.

அந்தத் தமிழ் வரிகள் முக்கியமாக ஒருவருக்காகவே எழுதப்பட்டவை. எங்கள் ஊர் டாக்கீஸில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவர் அவர். டாக்கீஸ் கல்யாண மண்டபமாகிவிட்டது. அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இங்கிலீஷ் வராது. "பேர் பெத்த படம்னு சொல்வாங்க தம்பி. நம்ம கொட்டகைக்கு வரவே இல்லே" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

வட்டு கையில் இருந்தால் போட வேண்டியதுதானே என்பீர்கள். அதற்கு இரண்டு பூட்டுகள். ப்ளூரே கம்பெனிகள் உலகத்தை மூன்று கூறாகப் பிரித்திருக்கின்றன. அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. ஏ முத்திரை போட்ட வட்டு நம் ஊர்க் கருவியில் ஓடாது. இரண்டாவது, சங்கேதப் பூட்டு. இரண்டையும் திறந்து, படத்தைக் கம்ப்யூட்டருக்குள் பெயர்த்துக்கொண்டால்தான் தமிழ் வரிகளை அதனோடு ஓட்ட முடியும்.

இப்படிப் பெயர்க்கும் மென்பொருளைப் பெரிய கம்பெனிகள் தொடமாட்டார்கள். வம்பு வரும். 1999-இல் டிவிடியின் பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்ட ஜான் லெக் யோஹான்சன் என்ற நார்வே தேசத்துப் பையனுக்கு வயது பதினைந்து. அவன்மேல் வழக்குப் போட்டார்கள். 2003-இல் கீழ்க் கோர்ட், மேல் கோர்ட் இரண்டுமே அவனை விடுதலை செய்தன. அன்று முதல் இன்று வரை இந்த வேலை ஓரிருவர் தம் மேஜையில் செய்கிற குடிசைத் தொழிலாகவே இருக்கிறது. நாங்கள் உபயோகித்ததும் அப்படி ஒன்றுதான். விலை கொடுத்தும் வாங்கலாம். இலவசமாக அவ்வப்போது வெளியாகும் தற்காலிகச் சாவி எண்ணைக் கொண்டும் ஓட்டலாம். நாங்கள் எந்த வழியில் போனோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

முன்பே பெயர்த்து வைத்திருந்த படம், சனிக்கிழமை சாயங்காலம் வன்தட்டு பழுதானதோடு போயிற்று. மறுபடி பெயர்க்கலாம் என்று உட்கார்ந்தால் சாவி எண் காலாவதி. புது எண் வாங்க அந்த மனிதரின் இணையப் பக்கத்துக்குப் போனால், அது திறக்கவில்லை. பணம் கொடுத்து வாங்கவும் அதுதான் வாசல்! கம்ப்யூட்டர் பார்க்கும் பையன், "அவர் மூடிட்டாரோ என்னமோ ஸார்" என்றான். வயிற்றைக் கலக்கியது. 2016-இல் ஆன்டிகுவா தீவிலிருந்து நடந்துவந்த இதே தொழில் ஒன்று திடீரென்று மூடிக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது.

அன்றிரவு தூக்கமில்லை. 1993-இல் லண்டன் லாபரட்டரி ஒன்றில் தீப்பற்றியபோது இந்தப் படத்தின் மூலப் பிரதி கருகிப்போனது. மிஞ்சிய சுருள்களை அமெரிக்காவில் பத்திரப்படுத்தி, பின்னால் இத்தாலியில், பொலோன்யாவில் மீட்டெடுத்து, 2015-இல் மறுபடி உலகுக்குக் கொடுத்தார்கள். நெருப்பிலிருந்து மீண்ட படம், முகம் தெரியாத ஒருவரின் மௌனத்தால் எங்கள் மாடிப்படியில் நின்றது. அவருக்கு உடம்பு சரியில்லையோ, கைப் பணம்தான் தீர்ந்ததோ! இத்தனை வருஷம் அவர் தயவில் படம் பார்த்தவன், அப்படி ஒரு மனிதர் இருக்கிறார் என்று அன்றுதான் நினைத்தேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பக்கம் திறந்தது. புது எண்ணும் இருந்தது. பொழுது விடிவதற்குள் படம் பெயர்ந்துவிட்டது.

மாலையில் கிழவர் முன் வரிசையில் உட்கார்ந்து, உதட்டை அசைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். துர்க்காவும் அப்புவும் ரயில் பார்க்க ஓடும்போது கையை நாற்காலியின் பிடியில் இறுக்கிக்கொண்டார். முடிந்த பிறகு முதல் நாள் அவதியைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "கார்பன் அணைஞ்சா, பிலிம் அறுந்தா, கேபின்லே நான் இருந்தேன் தம்பி. ஜனங்க விசிலடிப்பாங்க. ஆனா சம்பளம் முதலாளி தருவார். உங்க கேபின்லே யாரு இருக்கா? அவருக்கு யாரு தராங்க?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. மறுநாளே விலையைக் கட்டினேன். எங்கள் போண்டாச் செலவை இரண்டொரு மாதம் நிறுத்தினால் போதும், அவ்வளவுதான். கூடவே நாலு வரி நன்றியும் எழுதினேன். பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து, சில பிழைகளைத் திருத்திப் புதிய பதிப்பு வந்திருப்பதாக மென்பொருளே தெரிவித்தது.

நல்லது, கேபினில் ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.