பார்வை முனையும் கடைமடையும்

தஞ்சாவூர் ஜில்லாவில் 'வ்யூ பாயிண்ட்' என்று ஒன்று கிடையாது. ஏறி நின்று பார்க்க இடமில்லை. வரப்பில் நிற்பவனுக்குத் தெரிவது அவன் வயல், அடுத்தவன் வயல், அதற்கப்பால் ஒரு தென்னந்தோப்பின் விளிம்பு. நிலத்தை அதற்குள் நின்றுதான் பார்த்தாக வேண்டும். இதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கத்து எழுத்தாளர்கள் மனிதர்களையும் அவர்கள் பேச்சையும் எழுதிய அளவுக்கு நிலக்காட்சியை எழுதவில்லை. தி. ஜானகிராமனிடம் காவேரி வந்தால் பெரும்பாலும் யாராவது அதில் குளித்துக்கொண்டிருப்பார்கள்.

மலைக்குப் போகிறபோது இந்தக் கண்ணை நாம் கீழேயே விட்டுவிட்டுப் போகிறோம் என்று தோன்றுகிறது. சென்ற மே மாதம் நண்பர்கள் நாலு பேர், இ-பாஸ் எடுத்துக்கொண்டு, ஒரு வாடகைக் காரில் நீலகிரிக்குப் போனோம். கரூர், மேட்டுப்பாளையம், கோத்தகிரி, உதகை, பைக்காரா. கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததிலிருந்து வண்டிக்குள் ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்பக் கேட்டது: "அப்படியே ஸ்விட்சர்லாந்து மாதிரி." எங்களில் யாரும் ஸ்விட்சர்லாந்துக்குப் போனதில்லை. சினிமாப் பாட்டுகளில் பார்த்ததுதான். பார்க்காத ஒன்றைக் கொண்டு, கண்முன் இருக்கிற ஒன்றை அடையாளம் காணுவது விசித்திரமான காரியம்.

ஆனால் அந்த அடையாளத்துக்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் ரசித்த ஏரிகளில் ஒன்றுகூடத் தானாக அமைந்ததல்ல. உதகை ஏரி 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் ஸல்லிவன் கட்டியது. கொடைக்கானல் ஏரி 1863-ல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் ஓடைகளை மறித்து உண்டாக்கியது. பைக்காரா, எமரால்ட், அவலாஞ்சி, மேல்பவானி எல்லாம் மின்சாரத்துக்காகத் தேக்கிய நீர். குந்தா திட்டத்துக்குக் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியது. மரங்களும் அப்படியே. யூகலிப்டஸும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. ஒன்று விறகுக்கு, மற்றது தோல் பதனிடும் பட்டைக்கு. வெள்ளைக்காரன் தன் ஊர் ஞாபகத்தை அங்கே நட்டான். நாம் போய் அந்த ஞாபகத்தைப் பார்த்து 'ஆகா' என்கிறோம்.

செயற்கை என்பது குற்றச்சாட்டல்ல. டெல்டாவும் மனிதன் செய்ததுதான். கல்லணையும், 1830களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணையும், 1934-ல் முடிந்த மேட்டூரும், அதே ஆண்டு திறந்த கல்லணைக் கால்வாயும் இல்லாவிட்டால் நாம் காண்கிற தஞ்சாவூர் இல்லை. கேள்வி வேறு. ஒன்றைச் செய்வதற்காக எதை அழித்தோம் என்பதும், அழித்தது நம் கண்ணில் ஏன் படவில்லை என்பதும்.

நீலகிரியின் சொந்த முகம் இரண்டு: மடிப்புகளில் குட்டை மரங்கள் நெருங்கிய சோலை, சரிவுகளில் புல்வெளி. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் சிறுகச் சிறுக விடுவது இந்த இரண்டும் சேர்ந்துதான். காட்டிலாகா வெள்ளைக்காரர்கள் சோலை என்ற நம் சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டார்கள். புல்வெளிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. தோடர்களுக்கு அது எருமை மேயும் இடம்; தெய்வங்கள் இருக்கும் இடம். அதிகாரியின் கண்ணுக்கு வெற்று நிலம். வெற்று நிலத்தில் மரம் நடுவது புண்ணியம் அல்லவா? நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் அதையே செய்தோம். சீகை தானாகவும் பரவிற்று. இப்போது உயர்நீதிமன்றம் தலையிட்டு, அந்நிய மரங்களை அகற்றச் சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறது.

பைக்காராவில் படகுக்கு டிக்கெட் வாங்க வரிசையில் நின்றபோது எங்கள் டிரைவர் ஒரு கேள்வி கேட்டார். பேராவூரணிப் பக்கத்துக்காரர், மூன்று மா நிலம் உள்ளவர். "இந்தத் தண்ணி எங்க சார் போவுது?"

பைக்காரா மோயாறாகிறது. மோயாறு பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. கீழ்பவானி, கொடிவேரி, காளிங்கராயன் வாய்க்கால்கள் எடுத்துக்கொண்டதுபோக மிஞ்சினது பவானி கூடுதுறையில் காவேரிக்கு வருகிறது. பிறகு மாயனூர், முக்கொம்பு, கல்லணை. அங்கிருந்து கல்லணைக் கால்வாய், எங்கள் ஊர்ப் பேச்சில் புது ஆறு. அதன் கடைமடை பேராவூரணி. காவேரியின் பெரும்பங்கு குடகிலும் வயநாட்டிலும் பிறப்பது. நீலகிரியின் பங்கு சிறிதுதான். இதையெல்லாம் சொன்னேன். "அப்ப நம்ம ஊருக்குத்தான் வருது. எங்க வரைக்கும் வந்தாத்தானே சார்," என்றார். படகில் ஏறவில்லை.

அந்தப் பயணத்தில் நிலத்தைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது. மற்றவை எல்லாம் காட்சியைப் பற்றியவை. காவேரிக் கரையோரமாகவே போய்ச் சிட்டியும் ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971-ல் வந்தது. அந்தப் புஸ்தகத்தில் பாதையை நிச்சயிப்பது ஆறு. அதற்குப் பிந்திய நம் பயணக் கட்டுரைகளில் பாதையை நிச்சயிப்பது காமிரா நிற்கிற இடம்.

திணை என்ற கருத்தை 'லாண்ட்ஸ்கேப்' என்று மொழிபெயர்த்துக்கொண்டு நம் விமர்சகர்கள் திருப்தியடைந்துவிட்டார்கள். திணை காட்சியல்ல. நிலமும் பொழுதும் தொழிலும் மனநிலையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாத சேர்க்கை. அதில் வெற்றிடம் கிடையாது; பாலைக்குக்கூட ஓர் உரிப்பொருள் உண்டு. காட்சியில்தான் வெற்றிடம் உண்டு. பார்ப்பவனுக்கு அடையாளம் தெரியாதது எல்லாம் அங்கே வெற்றிடம்.

இது கவிதைச் சமாசாரம் மட்டுமல்ல. 2010-ல் மன்னார்குடிப் பகுதியில் மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டவர்கள் வரைபடத்தில் பார்த்தது, புல்வெளியில் மரம் நட்டவர்கள் பார்த்ததைப் போன்ற ஒரு வெற்றுத் தளத்தைத்தான். மீண்டும் மீண்டும் எழுந்த போராட்டங்களுக்குப் பிறகு, 2020-ல்தான் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சமதரையைப் பார்த்து யாரும் 'ஆகா' என்பதில்லை. பாராட்டப்படாத நிலத்தை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம், ரசனையில் ஆரம்பித்து ஒப்பந்தத்தில் முடிகிறது.

நம் புதுக்கவிதைகளில் மூடுபனியும் பைன் மரமும் நிறைய வந்துவிட்டன. அந்தப் புல் இன்னும் வரவில்லை. கடைமடையும் அதிகம் வரவில்லை. இரண்டும் ஒரே தண்ணீரின் இரண்டு முனைகள். மலையை எழுத உட்காருகிறவர் முதலில் டிரைவரின் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்வது நல்லது.