பூனைக்கும் இருமல் வரும்!

பூனை இருமும் மக்களே! ஆனால் நம்மைப் போல இல்லை. தரையோடு பதுங்கி, கழுத்தை முன்னால் நீட்டி, 'கக்... கக்...' என்று வாந்தி எடுக்கப் போவது போலவே செய்யும். எங்கள் கறுப்பி இரண்டு வாரம் இப்படிச் செய்தாள். 'வயித்துல முடி சிக்கியிருக்கும்' என்றார் பாட்டி. முடியும் வரவில்லை, சாப்பாடும் வரவில்லை. அதுதான் அடையாளம்.

டாக்டர் முன்னால் பூனை இருமிக் காட்டாது. அதனால் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிப் போனோம் (1903-ல் ஆரம்பித்த கல்லூரி, எங்களுக்குப் பக்கம்தான்). எக்ஸ்ரே பார்த்து ஆஸ்துமா என்றார்கள். தொற்றாலும் நுரையீரல் புழுவாலும்கூட இருமல் வரும். எனவே நாமே முடிவு கட்டக்கூடாது.

மருந்து பாதி, வீடு மீதி. புகைதான் முதல் எதிரி. பேசின் பிரிட்ஜில், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்தில், கொசுவத்தி இல்லாமல் தூங்க முடியுமா? கறுப்பிக்காகக் கொசுவலை கட்டினோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி நின்றது. போகி அன்று ஜன்னல் திறப்பதில்லை.

தூங்கும் பூனையின் விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிஷத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே ஓடுங்கள். நம்ம பாராசிட்டமால் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடலாம்.

ஆஸ்துமா முழுசாகக் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம். ரயில் சத்தத்தில் தூக்கம் கலையும் இரவுகளில் கறுப்பியின் மூச்சை எண்ணுகிறேன். நேற்று 24 :)